வெள்ளி விட்ட கறை

வாசிப்பவரே, தீர்ப்புச் சொல்ல உங்களை நான் அழைக்கவில்லை. சாட்சியாக அருகில் நின்றால் போதும். எதிரணியை எழும்பவிடாமல் பேசுபவன் என்று விவாத மேடைகளில் பெயர் வாங்கிய நான், அப்பாவின் குதிக்காலுக்கு முன்னால் சொல்லிழந்து நின்ற காலையை நீங்களும் பார்க்க வேண்டும்.

கரையில் வலை இழுக்கையில் சிப்பி அவர் குதிக்காலைக் கிழித்துவிட்டது. அப்பாவுக்கு நீரிழிவு வேறு. ஏற்றிய மருந்துகள் எதற்கும் பணியாத கிருமி உள்ளே குடியேறிவிட்டதென்று பரிசோதனை காட்டியது. பரவினால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்றார் மருத்துவர். அதன்பிறகே நனோ வெள்ளி பூசிய கட்டுத்துணியைப் போட்டார்கள். கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாக்கிய வெள்ளி, ஈரத்தில் சிறிது சிறிதாகக் கசிந்து கிருமியின் புறச்சுவரையே உடைக்குமாம். தாதி ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: உப்புத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் வெள்ளியின் வேலை கெட்டுவிடும்.

எந்த வெட்டுக்கும் கடலில் காலை வைத்துக்கொண்டு நிற்பதையே வைத்தியமாகக் கொண்டவர் அப்பா. கடலில் இறங்க வேண்டாமென்று, ஆதாரம், எடுத்துக்காட்டு, முடிவுரை என அடுக்கி அவரிடம் பேசினேன். கண்ணை மூடிக் கேட்டு முடித்தவர் அம்மாவைக் கூப்பிட்டார். "இஞ்சாரும், உவனுக்கொரு கேடயம் குடுத்து அனுப்பும்."

சில நாள் கழித்து, ஒரு காலையில், கட்டின் ஓரத்தில் தோல் கறுத்திருந்தது. அழுகல் என்றே நினைத்தேன். கடலில் இறங்கினீர்களா என்று கேட்க வாயெடுத்தேன், குரல் வரவில்லை. அப்பாவே சொன்னார்: "நான் இறங்கேல்லை, தம்பி. உன்ரை பேச்சுக்காக இல்லை. எனக்குக் கால் வேணும்."

ஓட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தாதி கட்டைப் பிரித்துக் குனிந்து பார்த்தார்.

"உது வெள்ளியின்ரை கறை. போகப் போக மறைஞ்சிடும். புண்ணைப் பாருங்கோ."

பார்த்தேன். சீழ் இல்லை, இளஞ்சிவப்பாகப் புதுச்சதை வளர்ந்திருந்தது. மருத்துவரும் வந்து பார்த்து, பாதத்தை எடுக்கும் பேச்சுக்கு இனி இடமில்லை என்றார். சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன தம்பி, முடிவுரை ஒண்டும் இல்லையோ?" என்றார் அப்பா. அவர் முகத்தில் பல நாளாகக் காணாத சிரிப்பு.

எழுந்து நின்று, அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "கால் ஆறி நீங்கள் தொழிலுக்குப் போற முதல் நாள், தண்ணிக்குள்ளை இறங்கி வள்ளத்தை நான் தள்ளுவன், அப்பா. நீங்கள் கால் நனையாமல் ஏறி இருங்கோ."