நாற்காலியை விட்டு எழுந்தவர்

பத்திரிகை வேலையை விட்டிருந்த சமயத்தில், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் ஆலை ஒன்றுக்கு டி.சி.எஸ். என்னும் கணினிக் கட்டுப்பாட்டு முறைக்கான பயிற்சிக் கையேடு எழுதப் போனேன். பாய்லர், பம்பு, உலர்த்தி என்று ஆலை முழுவதையும் கணினித் திரைகளுக்குக் கொண்டுவந்து ஒரே அறையிலிருந்து இயக்கும் ஏற்பாடு அது. எழுதுவதற்கு முன் வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றேன். பின்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

பயிற்சியாளர் முப்பது வயதுப் பெண் பொறியாளர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். அதட்டிப் பேசமாட்டார், அரை மதிப்பெண் கூட்டிப் போடவும் மாட்டார். படித்தவர்கள் ஏழு பேர். மூத்தவர் பாய்லர் ஆபரேட்டர், ஐம்பத்திரண்டு வயது. தேர்வில் தேறாதவர்கள் விறகுக் களத்துக்கு மாற்றப்படுவார்கள் என்று நிர்வாகம் எழுதியே ஒட்டியிருந்தது.

தேர்வு நடந்தது உண்மையான பாய்லரில் அல்ல. அதைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மாதிரித் திரையில். பாய்லரின் டிரம்மில் தண்ணீர் மட்டம் இறங்குவதாக அலாரம் அடிக்கும். கவனித்துவிட்டதாகப் பொத்தானை அழுத்த வேண்டும். மட்டம் எப்படி இறங்கியது என்று வரைகோட்டைப் பார்க்க வேண்டும். திரை சொல்வது சரியா என்று அறிய, பாய்லர் பக்கம் நிற்கும் ஃபீல்ட் மேனை வாக்கிடாக்கியில் கூப்பிட்டு, டிரம்மில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடியான கேஜ் கிளாஸைப் பார்த்துவரச் சொல்ல வேண்டும். நாற்காலியை விட்டு எழக் கூடாது. எழுந்த நேரத்தில் அடுத்த அலாரம் வரலாம்.

மூத்தவர் முதல் இரண்டையும் பிசகில்லாமல் செய்தார். பிறகு எழுந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

“அண்ணா, டிரம்மையா தேடறீங்க? அந்தப் பக்கம் கேண்டீன்தானுங்க இருக்குது” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவரும் சிரித்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. தேறவில்லை என்று தாளில் எழுதினார். வியாழக்கிழமை மறுதேர்வு, அதற்குமேல் வாய்ப்பில்லை என்றார்.

டீ குடிக்கும்போது, பழக்கதோஷமா என்று மூத்தவரிடம் கேட்டேன். இல்லை என்றார். பழைய பாய்லரில் வேலை செய்த காலத்தில், மட்டம் பார்த்துவர ஓர் உதவியாளரை மேலே அனுப்பியிருக்கிறார். அந்த உதவியாளர் நேராக நின்று பார்த்த நேரம் கேஜ் கிளாஸ் வெடித்து, நீராவி முகத்தில் அடித்தது. வலது கண் போயிற்று. இப்போது தம்மம்பட்டியில் அண்ணனின் விவசாயக் காட்டில் இருக்கிறாராம். அன்றுமுதல் இவர் யாரையும் அனுப்பியதில்லை. தானே ஏறுவார், தானே பார்ப்பார்.

“பாய்லர் வெடிச்சா பாய்லர் மேல குத்தங்க. அவன அனுப்புனது நானில்லீங்களா?”

இதைப் பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஃபீல்ட் மேனாகப் பேசும் பொறுப்பைப் பயிற்சியாளரே எடுத்துக்கொண்டார். இன்னொரு வாக்கிடாக்கியுடன் அடுத்த அறைக்குப் போனார். அலாரம் அடித்தது. மூத்தவர் பொத்தானை அழுத்தினார், வரைகோட்டைப் பார்த்தார். வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தார். திரையில் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. அவருடைய கால்கள் நாற்காலிக்கு அடியில் பின்னியிருந்ததைக் கவனித்தேன்.

கடைசியில் வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்தினார். “டிரம் கிளாஸ் பாத்துச் சொல்லு.”

சிறிது நேரம் கழித்துப் பெண்குரல் வந்தது. மட்டம் பாதிக்குக் கீழே, திரை காட்டுவது சரி.

அத்துடன் மூத்தவர் பாய்லருக்குத் தண்ணீர் விடும் ஃபீடு வாட்டர் வால்வைத் திரையில் திறந்திருக்க வேண்டும். மறுபடியும் வாக்கிடாக்கியை அழுத்தினார்.

“எங்க நிக்கறே சாமி?”

கேள்வித்தாளில் இல்லாத கேள்வி. அவரே மறுபடியும் கேட்டார்.

“கிளாஸுக்கு நேரா நிக்காத. எங்க நிக்கறே?”

“ஓரமா நிக்கிறேங்க” என்றது குரல்.

அவர் வாக்கிடாக்கியைக் கீழே வைத்துவிட்டு வால்வைத் திறந்தார். மட்டம் ஏறியது.

தேறினார் என்று எழுதிய பயிற்சியாளர், தேவைக்கு மேல் பேசியதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார். எங்கே நிற்கிறாய் என்ற அந்தக் கேள்வியை நான் கையேட்டில் ஒரு படியாகவே சேர்த்தேன். கையேடு பிழை பார்க்கப் பயிற்சியாளரிடம்தான் போயிற்று. நிறைய இடங்களில் அடித்துத் திருத்தியிருந்தார். அந்த வரியைத் தொடவில்லை.