சரோஜா மிஸ்ஸியின் இரண்டு கோடுகள்

திங்கட்கிழமை காலை நிவித்திகல நகரத்து மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். புதிதாக ஏதோ மீட்டர் வந்திருக்கிறது என்று நினைத்து ஆவலோடு எடுத்தேன். மிஸ்ஸி இறந்துவிட்டதாகச் சிங்களத்தில் சொன்னார்.

தோட்டத்து மருத்துவிச்சி சரோஜாவை நாம் எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் அழைத்தோம். அவர் கைபடாத பிள்ளை நம் லயக் குடியிருப்புகளில் குறைவு. ஆனால் தன் மோட்டார் சைக்கிளின் மீட்டரை அவரே மாற்றிய கதை உங்களில் பலருக்குத் தெரியாது.

பெற்றோல் அளவு காட்டும் பழைய முள் செத்துப்போனதும் அந்தக் கடைக்காரர் மூலம் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வரவழைத்து, வீடியோ பார்த்துத் தானே வயர்களை இணைத்துவிட்டார். வேகம், கியர், பெற்றோல் எல்லாம் நீலத்தில் மின்னின. பள்ளி ஆசிரியரான என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டார்.

"சேர், வெளிய வாங்க! கலியாண வீடு மாதிரி இல்ல?"

மூன்றாம் நாள் தேயிலை மலையில் வண்டி நின்றது. "டேங்க் காஞ்சு கெடக்கு, இது ஃபுல்லுன்னு பல்லக் காட்டுது சேர்!" என்று தொலைபேசியில் சிரித்தார்.

தாங்கிக்குள் இருக்கும் மிதவைக்கு ஏற்ற அமைப்பை மீட்டரில் தெரிவு செய்ய வேண்டும். அவர் வேறு வகை மிதவைக்கான அமைப்பைத் தெரிவு செய்திருந்தார். அங்குலத்தில் அளந்துவிட்டுச் சென்ரிமீற்றர் என்று எழுதுவது போன்ற பிழை. அதைத் திருத்தியதும், "இனிச் சரி" என்றேன்.

"நீங்க சொன்னா ஆச்சா? புள்ளய நிறுக்காம நான் எடை எழுதுவேனா?"

தாங்கியை வெறுமையாக்கி, அரை அரை லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் எத்தனை கோடு எரிகிறது என்று எழுதினோம். குழந்தைகளின் எடை அட்டையைப் போலவே ஒரு வரைபடம் கீறினோம். அதைச் சுத்தமாக எழுதித் தருவதாகச் சொல்லி நான் வைத்துக்கொண்டேன். சோதனைக்கு இரவல் வாங்கிய பெற்றோலை வடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு அவர் போனார்.

மறுநாள் காலை கடும் மழை. மேல் டிவிஷனில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. மண் சரிந்ததால் அம்புலன்ஸ் சுற்றுப் பாதையில் வந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் மட்டுமே போகக்கூடிய குறுக்கு வழியின் அடியில் நின்று மிஸ்ஸி என்னை அழைத்தார்.

"ரெண்டு கோடு இருக்கு சேர். ஏறவா, செட்டுக்குப் போய்ப் பெட்ரோல் அடிச்சிட்டு வரவா?"

பெற்றோல் நிலையத்துக்குப் போய் வந்தால் அரை மணி நேரம் வீண். வரைபடத்தில் இரண்டு கோடு என்றால் ஒரு லீற்றர். மேலே ஏற அரை லீற்றர் போதும். ஆனால் அந்தக் கணக்கை நாங்கள் இன்னும் பாதையில் சோதித்துப் பார்க்கவில்லை. வரைபடத்தின் கோட்டை மறுபடியும் விரலால் தொடர்ந்து பார்த்தேன்.

"நேத்து ஊத்துனது தண்ணியா சேர்? சொல்லுங்க!"

"போங்க மிஸ்ஸி!"

என் பேச்சு முடியுமுன் இயந்திரம் முழங்கியது. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் தொலைபேசி அடித்தது.

"பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் சொகம். ஒரு கோடு இன்னும் மிச்சம் சேர்!"

கரும்பலகையில் நான் எத்தனையோ வரைபடங்கள் கீறியிருக்கிறேன். நான் கீறிய வரைபடம் ஒன்றை நம்பி ஒருவர் மலையேறியது அன்று மட்டும்தான். அளந்து பார்க்கும்வரை எதையும் ஏற்காத பிடிவாதம், அளந்தபின் தயங்காத துணிச்சல்: மிஸ்ஸியிடமிருந்து இவ்விரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன்.