எழுபது வயதில் பெரிய பரிசம்

சொகாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு வயிறு எரியும். எரியட்டும். எங்கள் ஆற்றங்கரை ஊரான அரியாமாவில் எரிவது என் வயிறு மட்டுமா? படகுத்துறைக்குப் பின்னால் முப்பத்தைந்து வருஷமாக எண்ணெய்க் கம்பெனியின் எரிவாயு எரிந்துகொண்டிருக்கிறது. அந்த வெக்கையில் எங்கள் பெண்கள் மரவள்ளி காயவைப்பார்கள். எண்ணெயால் ஊருக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான். போன வருஷம் கம்பெனிக்காரன் அதற்கும் வேலி போட்டுவிட்டான்.

துறையில் வாழைக்காயும் மீனும் சுட்டு, கூடவே ஜின்னும் விற்பவள் நான். மூத்தவன் பெயரைச் சொல்லி என்னைத் தொன்யே அம்மா என்பார்கள். எங்கள் ஊர் அரசியல் முழுவதும் என் பெஞ்சில்தான் நடக்கும். சாப்பிட்டுவிட்டு அரசாங்கத்தைத் திட்டுவார்கள், திட்டிவிட்டு மறுபடி சாப்பிடுவார்கள்.

"எலெக்‌ஷன் வந்தா நாம எல்லாரும் மண்ணோட புள்ளைங்க. வேலைன்னு வந்தா மட்டும் உங்கப்பன் யாரு, உங்க பாட்டன் எந்தத் தண்ணில விழுந்து செத்தான்னு கேப்பானுங்க." இது படகு ஓட்டும் போமா.

"மந்திரி நம்ம ஆளுதானேடா? நம்ம பாஷைதானே பேசறாரு?" என்பார் வலை பின்னும் இபிம். மாநில அரசில் எங்கள் ஆள் ஒருவர் மந்திரியாகிவிட்டதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

"நம்ம பாஷையிலதான், பெரியவரே, ஏமாத்தறாரு. அடுத்தவன் ஏமாத்தினா பாதி புரியாது. இவரு ஏமாத்தினா முழுசாப் புரியுது. அதான் நமக்குக் கிடைச்ச முன்னேற்றம்" என்பான் போமா.

சொகாரி இந்தப் பேச்சில் கலந்துகொள்ளமாட்டான். மூலையில் உட்கார்ந்து மீன் முள்ளை ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுவான். எதைச் செய்தாலும் அந்த ஒழுங்கு. வெல்டர். வாரி நகரத்துப் பட்டறையில் எட்டு வருஷம் கிடந்து கற்றவன். குழாய் நின்றிருந்தாலும் படுத்திருந்தாலும் ஆற்றுக்கு அடியிலே சாய்ந்திருந்தாலும் அவன் பற்றவைத்த இடத்தை விரலால் தடவினால் தட்டாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் எங்கள் ஊரில் செய்தது என்ன தெரியுமா? என் அடுப்புக்குக் கம்பி வலை, சர்ச்சுக்குக் கதவு, படகுகளுக்கு ஒட்டு. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் எண்ணெய் நிலையம் இருக்கிறது. அதன் குழாய்களைப் பற்றவைக்க எங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குவார்கள்.

மூன்று தடவை அங்கே வேலை கேட்டுப் பார்த்தான், மூன்று தடவையும் கிடைக்கவில்லை. நாலாவது தடவை நிலையத்தைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் வந்தது. ஊருக்கென்று ஒதுக்கிய இடங்களில் வெல்டர் இடம் ஒன்று. ஆறு வருஷத்துக்கு நிச்சயமான வேலை. சொகாரிக்கு அப்போது நாற்பத்து மூன்று. நாற்பத்தைந்துக்கு மேல் எடுக்கமாட்டார்கள். இதை விட்டால் அவ்வளவுதான் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வேண்டியது ஒரே ஒரு கடிதம். இவன் அரியாமாவின் பிள்ளை என்று ஊர்த்தலைவர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

தலைவரை நாங்கள் அலாபோ என்றுதான் கூப்பிடுவோம். ஒபுபோ என்ற அவர் பெயரைச் சொல்ல இன்றைக்கும் என் வாய் கூசுகிறது, மரியாதையால் அல்ல.

அலாபோ அவனை உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "நீ நல்லவன்தான்டா சொகாரி. ஆனா உங்கப்பன் இயல்லா உங்கம்மாவுக்குச் சின்னப் பரிசம்தானே குடுத்தான்? அப்போ நீ உங்கம்மா ஊரு ஒபிகிரிப் புள்ள. அங்க போய்க் கடிதம் கேளு."

"ஒபிகிரில எண்ணெயே இல்லியே, அலாபோ."

"அதுக்கு நான் என்னப்பா பண்றது? மேல இருக்கறவனைக் கேளு."

எங்களில் அது வழக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. சின்னப் பரிசம் கொடுத்துக் கட்டினால் பிள்ளைகள் தாய்வீட்டுக்குச் சொந்தம். பெரிய பரிசம் கொடுத்தால்தான் தகப்பன் வீட்டுக்கு. பெரிய பரிசத்துக்கு வசதி யாருக்கு இருக்கிறது? ஊரில் பாதிப் பேர் சின்னப் பரிசத்துப் பிள்ளைகள். என் புருஷனும்தான். ஓட்டுப் போடும்போது, தெரு பெருக்கும்போது, சாவு வீட்டுக்கு விறகு வெட்டும்போது யாரும் எவனுடைய தாயின் பரிசத்தையும் கேட்டதில்லை. எண்ணெய்க் கடிதம் என்றதும் அலாபோவுக்கு முன்னோர் வழக்கம் நினைவுக்கு வந்துவிட்டது.

சொகாரி என் கடைக்கு வந்து, அடுப்புக்குத் தான் செய்த கம்பி வலையைத் துடைத்து வைத்தான். பிறகு, "அக்கா, அப்பா விட்டதை நான் கட்டிடறேன்" என்றான்.

"எதைக் கட்டப் போற?"

"அம்மாவோட பெரிய பரிசத்தை. மகன் கட்டலாம், வழக்கத்துல இடம் இருக்கு."

இடம் இருக்கிறதுதான். வசதி வந்த பிள்ளைகள் தாயின் கௌரவத்துக்காகச் செய்வார்கள். ஒரு வெல்டர் வேலைக்காக யாரும் செய்ததில்லை.

அவன் தாய் பெலேமாவுக்கு அப்போது எழுபது. விஷயத்தைக் கேட்டதும் கிழவி மரவள்ளி உரிப்பதை நிறுத்தினாள். "செத்துப் பதினோரு வருஷம் ஆனவனுக்கு இப்ப நான் பொண்டாட்டி ஆகணுமா?"

"முப்பது வருஷத்துக்கு மேல ஆக்கிப் போட்டியேம்மா."

"போட்டேன். அந்த மனுஷன் ஒரு நாள் என்னைக் கேக்கல, நீ முழுசாப் பொண்டாட்டியா பாதியான்னு. இப்ப ஒரு குழாய் வந்து கேக்குதாக்கும்?" கத்தியை எடுத்து மறுபடி உரித்தாள். பிறகு, "சரி, நடத்து" என்றாள். "உனக்கு வேலை கிடைக்கும்னா நான் அந்த எரியற நெருப்பைக்கூடக் கட்டிக்கறேன்."

பரிசத்துக்காக அவன் தன் வெல்டிங் மெஷினை விற்றான். ஜெனரேட்டரையும் விற்றான். நான் வேண்டாம் என்று கத்தினேன். "வேலை கிடைச்சா கம்பெனி மெஷின் இருக்குமே அக்கா" என்றான். ஒபிகிரியிலிருந்து கிழவியின் தம்பிமார் வந்து இறங்கினார்கள். ஆடு வந்தது, ஜின் வந்தது, மடிப்புக் கலையாத மெட்ராஸ் கட்டத்துணி வந்தது. பெலேமா பவழம் போட்டு, அந்தத் துணி உடுத்தி, மணமகளாக நாற்காலியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை இடத்தில் இயல்லாவின் தொப்பியை வைத்தார்கள். சில பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் நிமிர்ந்தே இருந்தாள். அலாபோ சாட்சியாக நின்று, ஜின்னை முதலில் தரையில் ஊற்றிவிட்டுத் தானும் குடித்தார். "இன்னிலேர்ந்து சொகாரி அரியாமாப் புள்ள" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துப் பெயர்ப்பட்டியலைத் துறையில் ஒட்டினார்கள். வெல்டர், அரியாமா ஒதுக்கீடு: ஃபெஸ்டஸ் என்று ஒரு பெயர். மந்திரியின் மனைவிக்குத் தம்பி முறை. எங்கள் ஆற்றுத் தண்ணீரில் ஒரு நாளும் கால் நனைத்தவனில்லை. அவன் அரியாமாவின் பிள்ளை என்று சொல்லும் கடிதத்தின் அடியில் அலாபோவின் கையெழுத்து. சொகாரியின் தாயின் ஜின் வாசனை அந்தக் கையை விட்டு அப்போது போயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

"பாருங்க பெரியவரே உங்க ஆளை" என்றான் போமா. இபிம் அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்து போனார்.

சொகாரி அலாபோ வீட்டுக்கு ஓடினான். அடிதடி ஆகும் என்று நான் பின்னாலேயே ஆள் அனுப்பினேன். அடிதடி ஆகவில்லை, அதுதான் கொடுமை. அமைதியாகத் திரும்பி வந்தான்.

"ஃபெஸ்டஸுக்கு வெல்டிங் தெரியாதாம் அக்கா. அவன் வரவே மாட்டான். அவன் கார்டை மாட்டிக்கிட்டு நான் செய்யணுமாம். சம்பளம் அவனுக்குப் போகும், மூணுல ஒரு பங்கு எனக்குத் தருவானாம். 'வேலை ஊருக்குள்ளதானே இருக்கு, அப்புறம் என்ன?'ங்கறாரு அலாபோ."

"நீ என்ன சொன்ன?"

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "மெஷினை வித்துட்டேன். கை சும்மா இருந்தா மறந்துடும் அக்கா."

திட்டினேன். என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுத முடியாது. அவனைத் திட்டியது பாதி, நான் ஓட்டுப் போட்டவர்களைத் திட்டியது பாதி.

முதல் நாள் வேலை முடிந்து அவன் கம்பெனிப் படகில் வந்து இறங்கியபோது பெலேமா என் கடையில்தான் காத்திருந்தாள். பவழத்தை மறுபடி போட்டிருந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை, எனக்கும்தான். மகனின் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கையில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இது உன் மூஞ்சி இல்லியே."

"போட்டோ சரியா விழலம்மா."

"படிக்கத் தெரியாதவடா நான். பாக்கத் தெரியாதவ இல்ல." என் பக்கம் திரும்பினாள். "தொன்யே அம்மா, இதுல யார் பேரு போட்டிருக்கு?"

நான் படித்தேன். ஊரே கேட்கும்படி படித்தேன்.

அவள் என்னிடம் ஒரு பாட்டில் ஜின் வாங்கிக்கொண்டு நேராக அலாபோ வீட்டுக்கு நடந்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். வாசலில் பாட்டிலை வைத்தாள். எங்களில் பெண் வீட்டார் ஜின்னைத் திருப்பி வைத்தால் கல்யாணம் முறிந்தது என்று அர்த்தம்.

"என்ன இது, பெலேமா? இதை நான் எடுத்துக்கிட்டா உன் மகன் மறுபடியும் ஒபிகிரிக்காரன் ஆயிடுவான். யோசிச்சுப் பண்ணு" என்றார் அலாபோ.

"ஆகட்டும். இயல்லா எனக்குச் சின்னதாத்தான் குடுத்தாரு, ஆனா அவரு மூஞ்சியோட குடுத்தாரு. அந்தக் கார்டுல இருக்கானே, அவன்தானே உங்க ஊர்ப் புள்ள? அவனையே வச்சுக்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவங்கம்மாவுக்கு எந்தப் பரிசம் குடுத்தாங்கன்னு கேட்டியா?"

போமா சத்தமாகக் கைதட்டினான். நானும் தட்டினேன். தட்டி என்ன ஆயிற்று? மந்திரி மந்திரியாகவே இருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் கிழவி பவழத்தைக் கழற்றி மூட்டையில் முடிந்துகொண்டு ஒபிகிரிக்குப் படகு ஏறினாள். சொகாரி துறையில் நின்று அது வளைவில் திரும்பும்வரை பார்த்தான். நான் சுட்ட வாழைக்காயைப் பொட்டலம் கட்டி அவன் கையில் திணித்தேன். கழுத்தில் அந்த அட்டையைப் படம் உள்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தான். கம்பெனிப் படகு வந்து நின்றது. அதிலிருந்த ஆள் பட்டியலைப் பார்த்து, "ஃபெஸ்டஸ்!" என்று கூப்பிட்டான்.

"இதோ வந்துட்டேன்" என்றான் சொகாரி.