கயிற்றைத் தாண்டிய மொரான் கெண்டை

பர்மா அரிசி நின்றுபோன வருசம் எங்கள் ஆண்டிமடம் பக்கம் மழையும் நின்றது. எனக்கு இருந்தது வானம் பார்த்த மூன்று ஏக்கர், வரகு போடும் செம்மண். சித்திரையில், கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பிழைக்கப் போனேன். ஒரு தோணிக்காரர் சேர்த்துக்கொண்டார். அவருடைய துணையாள் காய்ச்சலில் படுத்திருந்தான். சோறு அவர் வீட்டில். ஆனிப் பௌர்ணமி கழியும்வரை இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தேன்.

அதற்கு நாலு நாள் இருக்கையில் மேற்கே மேகம் கட்டியது.

எங்கள் மண்ணில் ஈரம் மூன்று நாள்தான் நிற்கும். அதற்குள் உழுது விதைக்க வேண்டும். ஊரில் மாடு இருந்தது, விதை இருந்தது, மனைவி இருந்தாள். ஏர் பிடிக்க ஆள் இல்லை. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வலை உலர்த்தும்போதும் மேற்கே பார்த்தேன். சோற்றில் கை வைத்தபடியும் பார்த்தேன்.

“என்னாங்க மேக்கத்தியாரே, மீனு வானத்துலயா மேயுது?” என்றார் தோணிக்காரர்.

“இல்லண்ணே.”

“அப்ப தண்ணியப் பாருங்க.”

அன்று உப்பங்கழியில் மொரான் கெண்டை ஏறியிருந்தது. கை நீளம் இருக்கும். செதில் ஒவ்வொன்றும் காலணா அகலம். மேலே வந்து வாய் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அதை வைத்துத்தான் இருக்கும் இடம் தெரியும். வலையைக் கண்டால் முட்டாது, தாண்டும். அதனால் தண்ணீர் வடியும் நேரம் கழியின் வாயில் குறுக்கே வலை கட்டி, வலையின் மேல்கயிற்றின் ஒரு முனையை முளையில் முடிந்து, மறுமுனையை ஓர் ஆள் பிடித்து நிற்பான். தோணிக்காரர் உள்ளே போய்த் துடுப்பால் தண்ணீரை அடித்து விரட்டுவார். மீன் எழும்பும்போது கயிற்றைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அது என் வேலை.

பொழுது சாயும் நேரம். மார்பளவுத் தண்ணீரில் நின்றேன். துடுப்புச் சத்தம் நெருங்கியது. அப்போது மேற்கே மின்னியது. நீளமாக, தரையைத் தொட்டு. எங்கள் ஊர்த் திசை. அங்கே பெய்கிறது என்று நினைத்தேன். கை இறங்கியது தெரியவில்லை.

பத்துப் பன்னிரண்டு மீன். ஒன்றன்பின் ஒன்றாக என் முகத்தருகே தாண்டிக் கடலுக்குப் போயின. வலையில் ஒன்றுகூட இல்லை.

தோணிக்காரர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். என்னைச் சொன்னாரா மீனைச் சொன்னாரா தெரியாது. கயிற்றை என் கையிலிருந்து வாங்கினார்.

“இன்னும் நாலு நாளு இருக்கு. இருந்துட்டுத்தான்ணே போவேன்.”

“கையி இங்க, கண்ணு அங்க. உங்கள வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? விடிஞ்சதும் கெளம்புங்க.”

விடியலில் நடந்தேன். வழியெல்லாம் மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காட்டுமன்னார்கோயில் வரை புழுதிதான். அதற்கு மேற்கே போகப்போக ஈரம். மறுநாள் உச்சிப்பொழுதில் எங்கள் மூன்று ஏக்கர் கொல்லையில் விரல் விட்டேன். இரண்டு கணு இறங்கியது.

மனைவி வாசலுக்கு வந்தாள்.

“ரெண்டு மாசம் கடல்ல கெடந்துட்டு ஒரு கருவாடு கூடவா இல்ல?”

“இல்ல. மாட்டப் புடி.”

“சோறு?”

“பொறவு.”

அன்றும் மறுநாளும் உழுதோம். கிழக்குக் கடைசி மூலைக்குப் போனபோது மண் இறுகிவிட்டது. ஏர்க்கொழு இறங்கவில்லை. அந்த மூலையை விதைக்காமல் விட்டேன்.