திண்டிவனத்து மூச்சும் லண்டன் சுண்ணாம்பு நீரும்

சீமையில் வாத்தியார் பயிற்சியின் சோதனை வகுப்பில் தோற்றால், அடுத்த கப்பலிலேயே ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று நம்பினேன். யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டு நானே நடுங்கினேன். விழுப்புரம் ரயிலடியில் மாலை போட்டு அனுப்பியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய கதை இது. லண்டனில் பயிற்சித் தேர்வுக்கு எனக்கு வந்த பாடம் மூச்சுக்காற்று. குழலால் ஊதினால் சுண்ணாம்புத் தெளிநீர் பால்போல் வெளுக்க வேண்டும். மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன்.

திண்டிவனத்துப் பயிற்சிப் பள்ளியில் இதே பாடத்தைப் பப்பாளிக் குழலால் நடத்தியவன்தான் நான். கூடப் படித்த ஒலக்கூர் ஆறுமுகம் அன்று காதைக் கடித்தான்: "வெளுக்கலன்னா பேஜாராவாத. வெளுத்துச்சின்னு சொல்லிக்கினே போ. பசங்க ஆமாங்க சார்னுவானுங்க. இன்ஸ்பெக்டரு போர்டுல படம் நல்லாகீதான்னுதான் பாப்பாரு." அப்படியே நடந்தது. என் படம் அழகு, மூச்சும் தேறிவிட்டது.

லண்டனில் முகம் வீங்க ஊதினேன். நீர் அசையாமல் தெளிவாக நின்றது. ஆறுமுகத்தை நினைத்துக்கொண்டு, "வெளுத்துவிட்டது, பார்த்தீர்களா?" என்றேன்.

"இல்லை, சார்!" என்றது வகுப்பு முழுதும்.

ஆமாம் கேட்டே பழகிய காது. குழலை விழுங்கப் பார்த்தேன். டோரதி என்ற சிறுமி அக்கறையாகக் கேட்டாள்: "உங்கள் நாட்டு மூச்சு வேறு மாதிரியா, சார்?"

பின்வரிசையில் மேற்பார்வை அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தார். கப்பலின் பெயராகத்தான் இருக்கும்.

"நீயே ஊதிப் பார்" என்றேன். ஞானத்தால் அல்ல, எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டதால். அவள் ஊதியும் வெளுக்கவில்லை. "அப்படியானால் கெட்டது தண்ணீர்தான்" என்றாள். வேறு புட்டி எடுத்துவர ஒருத்தி ஓடினாள்.

அந்த இடைவெளியில் அம்மாள் அருகே வந்து, "ஊருக்கு எப்போது திரும்புகிறீர்கள்?" என்றார்.

"இன்றைக்கேவா, அம்மா?"

அவர் விழித்தார். இந்தப் பாடத்தை அங்கேயும் இப்படியே நடத்துங்கள் என்று சொல்லத்தான் கேட்டாராம்.

இன்று இந்த லண்டனிலேயே வாத்தியாராக இருக்கிறேன். அதற்காக ஊரைக் குறை சொல்ல மாட்டேன். திண்டிவனத்தில் எங்கள் அத்தனை பேருக்கும் ஒரே புட்டி. தோற்றுப் பார்க்க இன்னொன்றுக்கு எங்கே போவது?

நடந்தது இவ்வளவுதான்: ஒத்திகைப் பதற்றத்தில் மூன்று நாளும் புட்டியை மூடாமல் விட்டவன் நான்; காற்றுப் பட்டே சுண்ணாம்பு நீர் வலுவிழந்துவிட்டது. புதுப் புட்டி வந்தது. ஒரு குழாயில் டோரதி ஊதினாள், மற்றதில் நான். இரண்டும் வெளுத்தன. எனக்குத் தேர்ச்சி போட்டார்கள்.