கல்யாண எழுத்து

முதலாளி மேசையில் இருந்தார். மெஷின் ஓட்டுகிற சிங்கள அண்ணன், அய்யே என்போம், மெஷினடியில் நின்றார். நான் எழுத்துக் கோர்க்கிற இடத்தில். வாசல் வாங்கில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தா. வேறு ஆள் இல்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் அச்சகம் சின்னது.

அவ யாழ்ப்பாணத்து ஆள். மகளின் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு வந்து வெள்ளவத்தையில் லொட்ஜில் தங்கியிருந்தா. இருநூறு அழைப்புக் காட் சொல்லியிருந்தா. எழுத்தையும் அவதான் பார்த்து எடுத்தா. பெரிய இங்கிலீசு எழுத்து. நாங்கள் அதைக் கல்யாண எழுத்து என்போம். எழுத்தின் உடம்பு நல்ல தடிப்பு. பக்கக் கோடு தலைமயிர் மாதிரி மெல்லிசு. பார்க்க அழகு, வேலைக்குக் கஷ்டம். அழுத்தினால் மெல்லிசு முறியும். மையைக் குறைத்தால் தடிப்பு வெளிறும். அதனால் மெதுவாக அழுத்தி, மையை நிறையக் கொடுப்போம். காய ஒரு இரவு வேண்டும்.

நான் கோர்த்து முடித்த காலையில் அவ வந்து நின்றா. அது சண்டைக் காலம். விடிய லொட்ஜுக்கு வந்து மகனைப் பொலிஸ் கொண்டு போய்விட்டது. கொழும்பில் என்ன வேலை என்று கேட்டார்களாம். தங்கச்சி கல்யாணம் என்றானாம். அப்படியென்றால் காட்டைக் காட்டு என்றார்களாம். பின்னேரம் வேறு இடத்துக்கு ஏற்றுவார்கள், அதற்கு முன் ஒரு காட்டாவது வேண்டும் என்றா.

சாதாரண எழுத்தில் அடித்தால் சுருக்காய்க் காயும் என்றேன்.

“நோட்டீஸ் மாதிரி இருந்தா நம்பமாட்டாங்கள் தம்பி.”

அதுவும் சரிதான். அய்யே ஒரு காட் அடித்தார். அதை ஃபேனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். மெல்லிசு காய்ந்தது. தடிப்பு காயவில்லை.

“தொட்டால் இழுபடும் அம்மா.”

“அவனை ஏத்திப்போடுவாங்கள்” என்றா. வாங்கிக்கொண்டு எழும்பினா.

அவவுக்குச் சிங்களம் தெரியாது. அய்யே சட்டையை மாற்றிக்கொண்டு கூடப் போனார். படியில் இறங்கும்போது, கல்யாணத்துக்கு நானும் வருவேன், சோறு இருக்குதானே என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். கட்டாயம் வாங்கோ என்றா.

பின்னேரம் அய்யே தனியாக வந்தார். நடந்ததைச் சொன்னார். பொலிஸில் பெரியவர் காட்டை வாங்கி வாசித்தாராம். நல்ல காட் என்றாராம். திருப்பிக் கொடுக்கும்போது தன் பெருவிரலைப் பார்த்தாராம். கறுப்பு. மாப்பிள்ளையின் பெயர் இழுபட்டுக் கிடந்ததாம்.

“இன்றைக்கா அடித்தது?”

இன்றைக்குத்தான், ஆனால் கல்யாணம் உண்மை என்று அய்யே சொன்னாராம்.

“ஏன், உனக்கா கல்யாணம்?” என்று கேட்டுச் சிரித்தாராம். காட்டை மேசை லாச்சிக்குள் போட்டாராம். மகனை ஏற்றிவிட்டார்கள்.

அந்த அம்மா பிறகு ஒருமுறை வந்தா. மிச்சத்தை அடிக்கட்டா என்று கேட்டேன்.

“அவன் வரட்டும் தம்பி.”

கோர்த்ததை நூல் போட்டுக் கட்டி றாக்கையில் வைத்தேன். வேறு கல்யாண வேலை வந்தபோது எழுத்துக்காக அதைக் கலைக்கச் சொன்னார் முதலாளி. நான் கலைக்கவில்லை. பிறகு அவரும் கேட்பதை விட்டார்.

சொன்ன காட் இருநூறு. அடித்தது ஒன்று.