மெழுகுதிரியை நம்பாத நாள்

சபைக்கு முன்னால் நின்று கதைக்க எனக்குக் கூச்சம். என்றாலும் இதைச் சொல்லாமல் இருக்க ஏலாது. போன கோடையில் கப்பல்துறையில் என் அத்தான், அக்காவின் கணவர், கிணற்றுக்குள் மயங்கிக் கிடந்தார். தீயணைப்பு வீரனான நான் இறங்காமல் மேலே நின்றேன்.

நான் பிறவிச் சந்தேகக்காரன். பொரித்த மீனையும் மணந்து பார்த்துத்தான் வாயில் வைப்பேன். பயிற்சியில் அடுத்தவன் போட்ட முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போடுவேன். கூட வேலை செய்கிறவர்களுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல்.

அன்று எனக்கு லீவு. அக்கா வீட்டில் சாப்பிடப் போனேன். படலையைத் திறக்கும்போதே அவள் குழறி அழுவது கேட்டது. தண்ணீர் கீழே போய்விட்டதென்று அத்தான் மண்ணெண்ணெய் மோட்டரையே கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்கு மேலே இருந்த உள்திட்டில் வைத்து ஓட்டியிருக்கிறார். அது நின்றுபோனதும் பார்க்க இறங்கியவர் அந்தத் திட்டிலேயே சரிந்துவிட்டார்.

பக்கத்தில் வாகன ரயருக்குக் காற்றடிக்கும் கடை வைத்திருக்கும் அண்ணை ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வாளியில் இறக்கினார். அது அணையவில்லை.

"தம்பி, காத்து இருக்கு. பயப்பிடாமல் இறங்குங்கோ."

எனக்கு அந்தச் சுடரில் நம்பிக்கை வரவில்லை. மோட்டர் புகையிலுள்ள நஞ்சு மணக்காது, மெழுகுதிரியையும் அணைக்காது. ஆளைத்தான் விழுத்தும். மூச்சுக்கருவி இல்லாமல் போகிறவன் இரண்டாவது பிணம் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். நிலையத்துக்குப் போன் அடித்தேன். கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்த அத்தானின் தம்பியைக் கட்டிப் பிடித்துத் தடுத்தேன். அவன் என் முகத்தில் அடித்தான்.

"உனக்கெல்லாம் எதுக்கடா அந்த உடுப்பு? அவர் சாகிறார், நீ நிண்டு வேடிக்கை பாக்கிறியோ!" என்று அக்கா கத்தினாள்.

உடைந்துபோனேன். "ஆண்டவரே, இது நீர் தந்த புத்தியா, என் பயமா? எனக்கு என்னிலேயே சந்தேகமாக இருக்கிறது. வழி காட்டும்" என்று அழுதேன்.

வானத்திலிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. ரயர் கடைக் கொம்பிரசர் இரைவதுதான் காதில் விழுந்தது.

"அண்ணை! அந்தக் காத்துக் குழாயை இழுங்கோ! மெசின் அங்கேயே நிக்கட்டும், அதின்ர புகை இஞ்ச வேண்டாம், குழாய் மட்டும்!"

கடையிலிருந்த குழாய்களையெல்லாம் பொருத்தி அத்தானின் முகத்துக்கு நேரே இறக்கினோம். காற்று சீறியது. அவர் அசையவில்லை. நான் ஜெபித்துக்கொண்டே குழாயைப் பிடித்திருந்தேன்.

எங்கள் தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து வர நேரமெடுக்கும் என்று நினைத்தேன். ஆனால் அது அன்று பக்கத்திலே சீனன்குடாவில், மூச்சுக்கருவிப் பயிற்சியில் நின்றிருக்கிறது. உடனே வந்து சேர்ந்தது. முகமூடியைப் போட்டுக்கொண்டு நானே இறங்கினேன். அத்தானின் நெஞ்சு லேசாக ஏறி இறங்கியது. ஐயோ, நான் அழுத அழுகை!

ஆஸ்பத்திரியில் அவர் கண் திறந்த அன்று அக்கா என் கையைப் பிடித்தாள்.

"நீ இறங்கியிருந்தா எனக்கு ரெண்டு பேருமே இல்லாமல் போயிருப்பீங்களடா."

இன்றும் எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான். இந்தக் குணத்தைத் தந்தவரில் மட்டும் இனி இல்லை. சகோதரரே, ஊரே குதி குதி என்று கத்தும்போது, நில் என்று சொல்கிறவர் அவராக இருக்கலாம். அவரிடம் கேளுங்கள், பொறுத்திருங்கள். தயவுசெய்து மோட்டரை மட்டும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள்.